லெட் புரோமைடின் கரைதிறன்: கணக்கில் 4.3 கிராம், அட்டவணையில் 9.7 கிராம். ஏன்?

வேதிமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரைதிறன் பெருக்கம் தொடர்பான கணக்குகளைச் செய்து பார்க்கும்போது எழுந்த ஐயம் இது. ஈயத்தின் உப்பான லெட் புரோமைடின் கரைதிறன் பெருக்கம் (நிறைவுற்ற கரைசலில் உள்ள அயனிச் செறிவுகளின் பெருக்கம்) 25 டிகிரி செல்சியஸில் 6.6 × 10⁻⁶ என்று பாடநூலின் பின்னிணைப்பில் உள்ளது. லெட் புரோமைடு கரையும்போது ஒரு லெட் அயனிக்கு இரண்டு புரோமைடு அயனிகள் கிடைப்பதால், மோல் கரைதிறனின் மும்மடியை 4-ஆல் பெருக்கினால் இந்த மதிப்பு வர வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் லிட்டருக்கு 0.0118 மோல் என்று விடை வருகிறது. மூலக்கூறு நிறை 367 என்பதால் இது லிட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். ஆனால் பண்புகளின் அட்டவணையைப் பார்த்தால், 20 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீரில் 0.97 கிராம், அதாவது லிட்டருக்கு 9.7 கிராம் கரையும் என்று உள்ளது. வெப்பநிலை 5 டிகிரி குறைவாக இருந்தும் இரண்டு மடங்குக்கும் மேல் கரைவது எப்படி? சில்வர் புரோமைடு போன்ற உப்புகளுக்கு இதே முறையில் செய்த கணக்குகள் சரியாகவே வந்தன.

இன்னொரு கேள்வியும் உண்டு. லெட் புரோமைடை அயனிச் சேர்மம் என்றுதான் படித்திருக்கிறோம். உருகிய நிலையில் அது மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதும் தெரியும். ஆனால் அதன் உருகுநிலை 370 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஓர் அயனிச் சேர்மத்துக்கு இது மிகவும் குறைவாகத் தோன்றுகிறது. இந்த இரண்டு ஐயங்களுக்கும் இடையே தொடர்பு உண்டா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சமநிலை எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு ஐயங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். முதலில் கரைதிறனை எடுத்துக்கொள்வோம்.

உங்கள் கணக்கில் இரண்டு அனுமானங்கள் மறைந்திருக்கின்றன. அயனிகள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே இயங்குகின்றன என்பது முதலாவது. கரைந்த லெட் முழுவதும் தனித்த லெட் அயனியாகவே இருக்கிறது என்பது இரண்டாவது. சில்வர் புரோமைடு மிக மிகக் குறைவாகக் கரைவதால் அதன் கரைசலில் அயனிகள் வெகு தொலைவில் இருக்கின்றன. இரண்டு அனுமானங்களும் அங்கே நிலைக்கின்றன. லெட் புரோமைடு அப்படிப்பட்டதல்ல. லிட்டருக்கு நூறில் சில பங்கு மோல் கரையும்போது இரண்டு அனுமானங்களும் உடைந்துபோகின்றன.

முதல் திருத்தம் செயல்திறன் குணகம், அதாவது அயனிகளின் செறிவில் எவ்வளவு பங்கு உண்மையில் செயல்படுகிறது என்பதைக் காட்டும் எண். கரைதிறன் பெருக்கம் என்பது உண்மையில் செறிவுகளின் பெருக்கம் அல்ல, செயல்திறன்களின் பெருக்கம். லெட் அயனி இரட்டை மின்சுமை உடையது என்பதால் அதைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட அயனிகளின் சூழல் எளிதில் உருவாகிறது. அதன் செயல்திறனும் வேகமாகக் குறைகிறது. நிறைவுற்ற கரைசலின் அயனிச் செறிவுவலிமை (அயனிகளின் செறிவையும் மின்சுமையையும் சேர்த்துக் காட்டும் அளவு) 0.05-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் சராசரிச் செயல்திறன் குணகம் ஏறத்தாழ 0.67 என்று, இந்தக் குணகத்தைத் தோராயமாகக் கணக்கிட உதவும் டேவிஸ் சமன்பாடு தருகிறது. உங்களுடைய 0.0118-ஐ 0.67-ஆல் வகுத்தால் 0.0176 மோல் வரும். அதாவது லிட்டருக்கு 6.5 கிராம். ஏறக்குறைய பாதித் தொலைவைக் கடந்துவிட்டோம்.

மீதியை விளக்குவது இரண்டாவது திருத்தம். என் பார்வையில் இந்தச் சேர்மத்தின் உண்மையான முகம் தெரிவது இங்கேதான். நீரில் லெட் அயனி புரோமைடு அயனியை முழுமையாக விட்டுவிடுவதில்லை. ஒரு லெட்டும் ஒரு புரோமைடும் இணைந்த, ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனி கரைசலில் கணிசமான அளவில் இருக்கிறது. இதன் உருவாதல் மாறிலி (இணை எவ்வளவு எளிதில் உருவாகிறது என்பதைக் காட்டும் எண்) சில பத்துகள் என்ற அளவில்தான் உள்ளது. உலோக அயனியைப் பிற அயனிகளோ மூலக்கூறுகளோ சூழ்ந்து இணையும் அணைவுச் சேர்மங்களின் உலகில் இது சிறிய எண். ஆனால் நிறைவுற்ற கரைசலில் புரோமைடின் செறிவு 0.04 மோல் அளவுக்கு இருக்கும்போது, கரைந்த லெட்டில் ஏறத்தாழ பாதியை இந்த இணை அயனியாக மாற்றிவிட அதுவே போதுமானது. அப்படி மாறிய லெட், கரைதிறன் பெருக்கத்தின் கணக்கில் லெட் அயனியாக எண்ணப்படுவதில்லை. எனவே சமநிலையை ஈடுசெய்ய மேலும் திண்மம் கரைகிறது. மாறிலிக்கு 60 என்ற மதிப்பை எடுத்து, செயல்திறன் திருத்தத்தையும் சேர்த்து, கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள். தனித்த லெட் அயனி 0.013 மோல், இணை அயனி 0.015 மோல் என்ற அளவில் வந்து, மொத்தம் 0.028 மோலை நெருங்கும். அட்டவணையின் 9.7 கிராம் என்பது 0.0264 மோல். தோராயமான மாறிலியைக் கொண்டு செய்த கணக்குக்கு இது மிக நல்ல பொருத்தம்.

ஆகவே பின்னிணைப்பு மதிப்பும் சரி, அட்டவணை மதிப்பும் சரி. கரைதிறன் பெருக்கம் தனித்த அயனிகளை மட்டும் அறியும். அட்டவணையோ கரைந்த லெட் முழுவதையும், அது எந்த வடிவில் இருந்தாலும், எடைபோட்டுச் சொல்கிறது.

வேதிமாணவி எழுதியது:

மிக்க நன்றி. பல நாள்களாக இருந்த குழப்பம் தீர்ந்தது. அப்படியானால், கரைசலில் பொட்டாசியம் புரோமைடைச் சேர்த்தால் பொது அயனி விளைவால் (கரைசலில் ஏற்கெனவே உள்ள அயனியையே மேலும் சேர்ப்பதன் விளைவால்) கரைதிறன் குறைய வேண்டும். ஆனால் புரோமைடு கூடக் கூட இணை அயனியும் கூடுமே? இவற்றில் எது வெல்லும்?

சமநிலை எழுதியது:

தொடக்கத்தில் பொது அயனி விளைவு வெல்லும். பிறகு அணைவு உருவாதல் வெல்லும். புரோமைடைச் சிறிதளவு சேர்க்கும்போது லெட் புரோமைடு வீழ்படிவாக வெளியேறுகிறது. தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனால் மூன்று, நான்கு புரோமைடுகள் சூழ்ந்த எதிர்மின் அணைவு அயனிகள் உருவாகி, படிந்த திண்மம் மீண்டும் கரையத் தொடங்குகிறது. கரைதிறனைப் புரோமைடின் செறிவுக்கு எதிராக வரைந்தால் கோடு இறங்கி, ஒரு தாழ்நிலையைத் தொட்டு, மீண்டும் ஏறும். அடர் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் லெட் புரோமைடு நன்றாகக் கரைவதற்கும் இதுவே காரணம். வீழ்படிவாக்கி எடைபோடும் முறையில் புரோமைடை அளவுக்கு மீறிச் சேர்ப்பவர்கள் எதிர்பார்த்த எடையைப் பெற முடியாமல் போவது இதனால்தான்.

படிகநோக்கர் எழுதியது:

கரைசலைப் பற்றி மேலே சொல்லப்பட்டது தெளிவாக உள்ளது. திண்மத்தையும் உருகுநிலையையும் பற்றி நான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

லெட் புரோமைடைப் புரிந்துகொள்ள அதை ஸ்ட்ரான்சியம் புரோமைடுடன் ஒப்பிடுவதே சிறந்த வழி. ஆறு அணைவு எண்ணில், அதாவது ஆறு அண்டை அயனிகள் சூழ்ந்த நிலையில், இரட்டை நேர்மின்சுமை கொண்ட ஸ்ட்ரான்சியம் அயனியின் ஆரம் 1.18 ஆங்ஸ்ட்ராம், லெட் அயனியின் ஆரம் 1.19 ஆங்ஸ்ட்ராம். மின்சுமை ஒன்றே, அளவும் ஏறத்தாழ ஒன்றே. அயனிப்பிணைப்பு என்பது மின்சுமையையும் அளவையும் மட்டுமே பொறுத்தது என்றால், இந்த இரண்டு புரோமைடுகளும் ஒன்றுபோல நடந்துகொள்ள வேண்டும். ஆனால் ஸ்ட்ரான்சியம் புரோமைடு 640 டிகிரிக்கு மேல்தான் உருகுகிறது. 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 100 கிராம் கரைகிறது. லெட் புரோமைடோ 370 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. அதே நீரில் ஒரு கிராம்கூட முழுமையாகக் கரைவதில்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டை அளவாலோ மின்சுமையாலோ விளக்க இயலாது. லெட்டின் எலக்ட்ரான் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

லெட் அயனியின் வெளிக்கூட்டில் ஆறாவது மட்டத்தின் எஸ் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் எஞ்சி இருக்கின்றன. ஸ்ட்ரான்சியம் அயனியில் இப்படி எதுவும் இல்லை; அது மந்த வாயுவின் அமைப்பைக் கொண்டது. லெட்டின் உட்கூடுகளில் உள்ள டி, எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் மின்சுமையைச் சரியாக மறைப்பதில்லை என்பதால், அதன் ஈர்ப்பு புரோமைடின் பெரிய, இளகிய எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது. இந்த முனைவாக்கத்தால் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை கலந்துவிடுகிறது. சமநிலை அவர்கள் குறிப்பிட்ட இணை அயனியும் இதே ஈர்ப்பின் விளைவுதான். திண்மத்தில் செயல்படும் அதே பிடி நீரிலும் தொடர்கிறது.

படிக அமைப்பிலும் இதைக் காணலாம். லெட் புரோமைடு செஞ்சாய்சதுர வகைப் படிகம். கோட்டனைட் என்ற கனிமமாக இயற்கையில் கிடைக்கும் லெட் குளோரைடின் அமைப்பே இதற்கும் உரியது. ஒவ்வொரு லெட்டையும் ஒன்பது புரோமைடுகள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றில் ஏழு நெருக்கமாகவும் இரண்டு சற்று விலகியும் உள்ளன. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.66 கிராம், ஒரு சிறு குப்பியைக் கையில் எடுத்தாலே அதன் கனம் வியப்பைத் தரும்.

மறுமுனையில் மெர்குரி புரோமைடை வைத்துப் பாருங்கள். அது 237 டிகிரியில் உருகி 322 டிகிரியிலேயே கொதிக்கிறது. நேர்கோட்டு மூலக்கூறுகளாகவே படிகத்திலும் ஆவியிலும் இருக்கிறது. உருகிய நிலையிலும் மிகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்துகிறது. லெட் புரோமைடு ஸ்ட்ரான்சியத்துக்கும் மெர்குரிக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கிறது. உருகினால் அயனிகளாகப் பிரிந்து நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. 900 டிகிரியை ஒட்டிக் கொதித்து ஆவியானால் வளைந்த வடிவமுடைய மூலக்கூறுகளாகிவிடுகிறது. அந்த வளைவுக்கும் மேலே சொன்ன எலக்ட்ரான் இணையே காரணம். எனவே "அயனிச் சேர்மமா, இல்லையா" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தேடுவதைவிட, எந்த நிலையில், எந்தச் சூழலில் என்று கேட்பதே பயன் தரும்.

இந்த ஆவியாகும் தன்மைக்கு ஒரு துயரமான வரலாறும் உண்டு. 1921-இல் டெட்ராஎத்தில் லெட்டின் இயந்திர அதிர்வைத் தடுக்கும் பண்பு கண்டறியப்பட்ட பின், பெட்ரோலில் அதைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. எரிந்த பின் உருவாகும் லெட் ஆக்சைடு 880 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் வால்வுகளிலும் தீப்பொறிச் செருகிகளிலும் படிந்து இயந்திரத்தைக் கெடுத்தது. அதைத் தவிர்ப்பதற்காக டைபுரோமோஈத்தேனையும் டைகுளோரோஈத்தேனையும் கூடவே சேர்த்தார்கள். அவை லெட்டை எளிதில் ஆவியாகும் புரோமைடாகவும் புரோமோகுளோரைடாகவும் மாற்றிப் புகையோடு வெளியே தள்ளின. இயந்திரம் தூய்மையாக இருந்தது. காற்றும் மண்ணும் குழந்தைகளின் இரத்தமும் மாசடைந்தன. சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோலை விற்பது உலகில் கடைசியாக 2021-இல்தான் அல்ஜீரியாவில் நின்றது. ஒரு சேர்மத்தின் கொதிநிலை என்ற ஓர் எண் இவ்வளவு பெரிய பாதிப்புக்கு வழி செய்திருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வரி. லெட் புரோமைடின் ஆற்றல் இடைவெளி (ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான குறைந்த ஆற்றல்) 4 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருப்பதால் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அது உறிஞ்சுவதில்லை. ஆகவே வெண்மையாகத் தெரிகிறது. லெட் அயோடைடில் அந்த இடைவெளி 2.4-க்கு அருகில் இறங்குவதால் அது பொன்மஞ்சள் நிறம் பெறுகிறது.

செய்முறைக்கூடம் எழுதியது:

மின்பகுப்பு பற்றியும் தயாரிப்பு பற்றியும் நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தயாரிப்புக்கு லெட் நைட்ரேட்டுக் கரைசலையும் பொட்டாசியம் புரோமைடுக் கரைசலையும் கலப்பதே வழக்கம். வெண்ணிற வீழ்படிவு உடனே தோன்றும். அதை அப்படியே வடிகட்டாமல், நீருடன் கொதிக்கவைத்துக் கரைத்து, சூடாக இருக்கும்போதே வடிகட்டி, மெதுவாகக் குளிரவிடுங்கள். 100 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீர் சுமார் 4.7 கிராமைத் தாங்கும். 20 டிகிரியில் 0.97 கிராமைத்தான் தாங்கும். எனவே குளிரக் குளிர மூன்றரை கிராமுக்கும் மேல் படிகமாகத் திரும்பி வரும். முதலில் தெளிந்த கரைசலின் மேற்பரப்பிலும் குவளையின் சுவரிலும் மெல்லிய ஊசிகள் தோன்றி, பின்னர் கீழ்நோக்கி இறங்கி அடியில் பட்டுப்போன்ற பளபளப்புடன் குவியும். கரைக்கும் நீரில் ஓரிரு துளி ஹைட்ரோபுரோமிக் அமிலம் சேர்ப்பது நல்லது. இல்லையெனில் லெட் அயனி நீராற்பகுப்படைந்து கார உப்பாக மாறக்கூடும்.

மின்பகுப்பில் கவனிக்க வேண்டியது உருகுவதற்கு முன்பே மின்னோட்டமானியின் முள் சற்று அசைவது. மாணவர்கள் பலர் இதைக் கருவியின் பழுது என்று எண்ணுகிறார்கள். திண்ம லெட் புரோமைடில், வெப்பநிலை உயரும்போது, படிகத்தில் உள்ள வெற்றிடங்கள் வழியாகப் புரோமைடு அயனிகள் இடம்பெயர்கின்றன. லெட் அயனிகள் ஏறக்குறைய அசைவதில்லை. எனவே "திண்ம நிலையில் கடத்தாது, உருகிய நிலையில் கடத்தும்" என்ற பாடநூல் வரி ஒரு நல்ல தோராயம் மட்டுமே. முழுமையாக உருகியதும் முள் சட்டென்று உயரும். அந்த வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

உருகியபின் நேர்மின்வாயில் செம்பழுப்பு நிறப் புரோமின் ஆவி குமிழ்களாக எழும். புரோமினின் கொதிநிலை 59 டிகிரிதான் என்பதால் இந்த வெப்பத்தில் அது திரவமாகத் தங்க வாய்ப்பே இல்லை. எதிர்மின்வாயில் லெட் உலோகம் உருவாகிறது. 327 டிகிரியிலேயே உருகும் அது, உருகிய உப்பைவிட அடர்த்தி மிகுந்ததால், கண்ணுக்குத் தெரியாமல் அடியில் சேர்ந்துவிடுகிறது. இதனால் "எதிர்மின்வாயில் எதுவும் நடக்கவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, உருகிய உப்பைக் கவனமாக வேறு கலத்தில் சாய்த்தால், அடியில் சாம்பல் நிற மணி ஒன்று பளபளப்பாகத் தங்கியிருப்பதைக் காணலாம். ஆறியதும் அதைத் தாளில் தேய்த்தால் கோடு விழும். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை அரைமணி நேரம் செலுத்தினால் ஃபாரடே விதிப்படி 1.93 கிராம் லெட் கிடைக்க வேண்டும். கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். படிந்த உலோகத்தில் ஒரு பகுதி உருகிய உப்பிலேயே கலந்து, புரோமினுடன் மீண்டும் வினைபுரிந்துவிடுகிறது.

இந்தச் செய்முறையைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டுமே செய்ய வேண்டும். புரோமின் ஆவி நுரையீரலைத் தாக்கும். லெட் புரோமைடின் ஆவியும் தூசியும் உடலில் சேர்ந்து தங்கும். கனிம லெட் சேர்மங்கள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்க வாய்ப்புள்ளவை என்று, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2ஏ பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. வளரும் கருவுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் லெட் செய்யும் தீங்கு இன்னும் உறுதியாக நிறுவப்பட்டது. மின்பகுப்பின் கொள்கையை விளக்குவது மட்டுமே நோக்கம் என்றால், துத்தநாகக் குளோரைடைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.

கழிவைப் பற்றி ஒரு வேண்டுகோள். மேலே கரைதிறனைப் பற்றிப் பேசியதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். வீழ்படிவை வடிகட்டிய பின் கிடைக்கும் தெளிந்த நீரில் எதுவும் இல்லை என்று பலர் அதை நேராகத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். நிறைவுற்ற லெட் புரோமைடுக் கரைசலின் ஒரு லிட்டரில் ஐந்தரை கிராம் அளவுக்கு லெட் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; இது அதைப்போல ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல். அந்த வடிநீரில் சோடியம் சல்பேட்டை மிகுதியாகச் சேர்த்தால் லெட் சல்பேட்டாகப் பெரும்பகுதி படிந்துவிடும். அதன் பிறகும் நீரையும் படிவையும் தனித்தனியே கழிவுக் கலங்களில் சேர்த்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

மென்படலம் எழுதியது:

இன்றைய ஆய்வுலகில் லெட் புரோமைடை அதிகம் பயன்படுத்துபவர்கள் பெராவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பு கொண்ட பொருள்களைத் தயாரிப்பவர்கள். சீசியம் புரோமைடுடன் சம மோல் அளவில் சேரும்போது ஆரஞ்சு நிறச் சீசியம் லெட் புரோமைடு உருவாகிறது. இத்தகைய சீசியம் லெட் ஹாலைடுகளை வேதியியலாளர் வெல்ஸ் 1893-இலேயே தயாரித்து விவரித்தார். ஆனால் சூரிய மின்கலத்தில் இக்குடும்பத்தின் திறன் வெளிப்பட்டது 2009-இல், ஜப்பானிய ஆய்வாளர் மியாசாக்காவின் குழு மெத்திலமோனியம் லெட் புரோமைடையும் அயோடைடையும் பயன்படுத்தியபோதுதான். வெண்மையான இரண்டு பொடிகள் சேர்ந்து ஆரஞ்சு நிறப் பொருளைத் தருவதை முதன்முறை பார்ப்பவர்கள் வியக்காமல் இருப்பதில்லை. எண்முகி வடிவில் ஆறு புரோமைடுகள் சூழ்ந்த லெட் அலகுகள் மூலையோடு மூலை இணைந்து முப்பரிமாணத்தில் பரவும்போது, ஆற்றல் இடைவெளி 2.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைகிறது. அதன் நுண்படிகங்கள் கண்ணைப் பறிக்கும் பச்சை ஒளியை உமிழ்கின்றன.

சமநிலை அவர்களின் விளக்கத்துக்கு இங்கேயும் ஓர் ஆதாரம் உண்டு. புரோமைடைப் பற்றிக்கொள்ளும் லெட்டின் நாட்டமே இந்தக் குடும்பம் முழுவதற்கும் அடிப்படை. சீசியம் புரோமைடு மிகுந்தால் எண்முகிகள் தனித்தனியே பிரிந்து நிற்கும் சேர்மம் உருவாகிறது. அதில் ஒரு லெட்டுக்கு நான்கு சீசியமும் ஆறு புரோமைடும் இருக்கின்றன. லெட் புரோமைடு மிகுந்தால், ஒரு சீசியத்துக்கு இரண்டு லெட் என்ற விகிதத்தில் அடுக்கு அமைப்பு கொண்ட சேர்மம் உருவாகிறது. நீர் பட்டால் சீசியம் லெட் புரோமைடு இந்த அடுக்கு வடிவத்துக்கு மாறுவதற்கும் காரணம் எளிது: சீசியம் புரோமைடு நீரில் தாராளமாகக் கரைந்து வெளியேறுகிறது, லெட் புரோமைடு பின்தங்குகிறது.

கரைப்பானைப் பொறுத்தவரை, நீரில் தயங்கும் லெட் புரோமைடு டைமெத்தில் சல்பாக்சைடில் நன்றாகக் கரைகிறது. அக்கரைப்பானின் ஆக்சிஜன் லெட்டுடன் வலுவாக ஒருங்கிணைந்து, புரோமைடோடு போட்டியிடுகிறது.

வேதிமாணவி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒரு கேள்வி: இணை அயனி உண்மையிலேயே இருக்கிறது என்பதை ஒரு கல்லூரி ஆய்வகத்தில், சிறப்புக் கருவிகள் இல்லாமல், சோதித்துப் பார்க்க வழி உண்டா?

சமநிலை எழுதியது:

உண்டு. ஆசிரியரின் மேற்பார்வையில், செய்முறைக்கூடம் அவர்கள் சொன்ன பாதுகாப்பு முறைகளோடு செய்யுங்கள். ஒரே வெப்பநிலையில் மூன்று வகைக் கரைசல்களில் லெட் புரோமைடை நிறைவுறும்வரை கரைத்து, கரைந்த லெட்டை அளவிட வேண்டும். முதலாவது தூய நீர். இரண்டாவது, சோடியம் பெர்குளோரேட்டின் பல செறிவுகள். இதில் செயல்திறன் குணகத்தின் விளைவு மட்டும் தெரியும் என்பதால் கரைதிறன் தூய நீரில் உள்ளதைவிடச் சற்றுக் கூடும். நைட்ரேட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அதுவும் லெட்டுடன் பலவீனமாக இணைந்து கணக்கைக் குழப்பும். மூன்றாவது, சோடியம் புரோமைடின் பல செறிவுகள். இதில் கரைதிறன் இறங்கிப் பின் ஏறுவதைக் காண்பீர்கள்.

அளவிடுவதற்கு, உலோக அயனிகளை வலுவாகப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தலே போதும். ஹெக்சமீன் தாங்கல் கரைசலில் காரகாடித்தன்மை எண்ணை (pH) 5-க்கும் 6-க்கும் இடையே வைத்து, சைலினால் ஆரஞ்சைக் காட்டியாகச் சேர்த்தால், முடிவு நிலையில் செவ்வூதா நிறம் எலுமிச்சை மஞ்சளாக மாறும். இ.டி.டி.ஏ. லெட்டைப் புரோமைடின் பிடியிலிருந்து முழுமையாக விடுவித்துக்கொள்வதால், தனித்த அயனி, இணை அயனி, உயர் அணைவுகள் என்ற வேறுபாடின்றி மொத்த லெட்டின் அளவு கிடைக்கும். இரண்டாவது தொடரின் மதிப்புகளிலிருந்து செயல்திறன் குணகத்தின் போக்கைச் சரிபாருங்கள். பிறகு மூன்றாவது தொடரில் புரோமைடு குறைவாக உள்ள பகுதியை மட்டும் எடுத்து, கரைதிறன் பெருக்கம் அனுமதிக்கும் தனித்த லெட்டின் அளவைக் கழியுங்கள். மிஞ்சுவது இணை அயனியின் செறிவு. அதிலிருந்து உருவாதல் மாறிலியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கரைசல்களை வடிகட்டும்போது வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த உப்பின் கரைதிறன் வெப்பத்தோடு வேகமாக மாறுவதால், சில டிகிரி வேறுபாடே நீங்கள் தேடும் விளைவை மறைத்துவிடும்.